கால் சேராத மெட்டு

எவாரிஸ்தோ இறந்த மறுநாள் காலை, காப்பி ஆறுவதற்குள் அவருடைய மகள் லூச்சில்லா மூன்று பேரிடம் கத்தி முடித்திருந்தாள்.

முதல் ஆள் பூக்கடைக்காரர். அவர் வாசலில் இறக்கிவைத்த மலர்வளையத்தின் நாடாவில் ‘எரிக் வால்டன்’ என்று பொன்னெழுத்தில் இருந்தது.

“யாருங்க இந்த எரிக் வால்டன்? செத்தது எங்கப்பா.”

“அப்படித்தான் போடச் சொன்னாங்கம்மா. ஜெர்மனியிலேருந்து ஆர்டர்.”

“எங்கப்பா பேரு உங்களுக்குத் தெரியாதா? உங்க கல்யாணத்துக்கே அக்கார்டியன் வாசிச்சவரு.”

“தெரியும்மா. அதுக்காகக் காசு கொடுத்தவன் சொன்னதை மாத்த முடியுமா?”

எரிக் வால்டனும் அப்பாதான். அதுதான் எரிச்சல். ரோமில் ஜாம்பிப் படங்கள் வாராவாரம் வெளிவந்த காலத்தில் யாரும் சொந்தப் பெயரோடு திரையில் வருவதில்லை. இத்தாலிக்காரன் எடுத்த படம் என்று தெரிந்தால் இத்தாலிக்காரனே டிக்கெட் வாங்கமாட்டான் என்று தயாரிப்பாளர்கள் நம்பினார்கள். தெற்கே பாரி நகரத்திலிருந்து வந்த இயக்குநர் ராபர்ட் ஆனார். ஃப்ரஸ்காத்தியில் கோழி வளர்த்த மேக்கப் அம்மாள் ஷெர்லி ஆனாள். லனூவியோ ஊர் எவாரிஸ்தோ ஒரு பிஸ்கட் டப்பாவைப் பார்த்து எரிக் வால்டன் ஆனார். பிஸ்கட்டைக் கொடுத்தவள் லூச்சில்லாவின் அம்மா. கடைசிவரை அதைச் சொல்லிச் சிரித்தாள். அவள் போய்ப் பல வருடம் ஆயிற்று.

இரண்டாவது ஆள் அந்த ஜெர்மன்காரன். போனில் பேசினான். பெயர் ஹார்ட்முட், எரிக் வால்டன் ரசிகர் கூட்டத்து ஆள். பாடப் புத்தகத்தில் படித்த மொழி.

“தங்கள் தந்தையாரின் மறைவு எங்கள் அனைவரையும் அனாதைகளாக்கிவிட்டது, அம்மையீர்.”

“அனாதை நான். நீங்க இல்ல.”

“மன்னிக்கவும். நாளை ஊர்வலத்தில் அந்த இசை ஒலிக்கும் அல்லவா? நாங்கள் புறப்பட்டுவிட்டோம்.”

“நாங்கன்னா எத்தனை பேரு?” என்று கத்தி, பதில் வருமுன் வைத்துவிட்டாள்.

மூன்றாவது ஆள் அப்பாவின் தங்கை இத்தாலா அத்தை. அடுப்படியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்காக ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பேண்டு மாஸ்டர்கிட்ட நான் சொல்லிட்டேன். வழக்கமான சாவு மார்ச். எங்கப்பாவுக்கு அதைத்தான் வாசிச்சாங்க, எங்கம்மாவுக்கும் அதைத்தான். இவனுக்கு மட்டும் என்ன?”

“அப்பா கேட்டது உங்களுக்கும் தெரியும் அத்தை.”

“அவன் ஆயிரம் கேப்பான். சின்ன வயசுல கழுதை வேணும்னு கேட்டான். வாங்கிக் கொடுத்தோமா?”

“அத்தை!”

“கத்தாத. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கா.”

அவர் கேட்டது ஊருக்கே தெரியும். காப்பிக் கடையில் நின்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார். “நான் போறப்ப சர்ச்சிலேருந்து கல்லறை வரைக்கும் குவாரி மெட்டைத்தான் வாசிக்கணும்.” ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடியை இறக்கிவிட்டு லூச்சில்லாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “குவாரி மெட்டு. நீ பாத்துக்கோ.” அவர் பேசினால் மானிட்டரில் எண் இறங்கியது. பேச்சை நிறுத்தவே அவள் சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டதால் இப்போது அது அவள் பொறுப்பு. அப்பா அவளிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

அவரிடம் மற்றவர்கள் கேட்டது ஏராளம். கேட்டது கிடைத்ததாக யாரும் சொன்னதில்லை.

அவருடைய அப்பா இதே ஊர் பேண்டில் பெரிய பித்தளைக் குழல் ஊதினார். பையன் சர்ச் ஆர்கனில் கை வைத்தான். நன்றாக வந்தது. ரோமில் சங்கீதப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கடைசித் தேர்வு நாளன்று யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு கல்யாணத்தில் வாசிக்கப் போய்விட்டான். பட்டம் போயிற்று. “அங்க நல்ல பன்னிக்கறி” என்பது அவர் தந்த விளக்கம். பிறகு ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்கு ஆர்கன். கௌபாய் படம், போலீஸ் படம், சோப்பு விளம்பரம், எது வந்தாலும். மகளின் பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை உறுதியாகத் தெரியாது. சாப்பிடும்போது தட்டில் முள்கரண்டியால் தட்டிக்கொண்டே இருப்பார். நிறுத்துங்கள் என்றால் இடது கைக்கு மாறுவார். அவள் பொறியியல் சேர்ந்தபோது ஒரே கேள்வி கேட்டார்: “அதுல தாளம் உண்டா?” அவள் வேலை ரயில் பெட்டிகளின் அதிர்வைச் சோதிப்பது. உண்டுதான். அதை அவரிடம் ஒப்புக்கொள்ள அவளுக்கு வெகுநாள் மனம் வரவில்லை.

குவாரி மெட்டு பிறந்தது ஒரு ஜூன் மாதம். ஊருக்குக் கீழே கைவிட்ட கல் குவாரியில் ஒரு ஜாம்பிப் படம் எடுக்க வந்தார்கள். செத்தவர்கள் பூமியைப் பிளந்து எழுந்து நடந்து வர வேண்டும். ஆள் தேவை. தயாரிப்பாளர் ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் பேண்டு வாசிப்பதைப் பார்த்தார். மொத்தப் பேண்டையும் பேசி முடித்தார். காரணம் எளிது. நேரத்துக்கு வருவார்கள், ஒன்றாக வருவார்கள், எல்லாரிடமும் சாவு ஊர்வலத்துக்கான கறுப்புக் கோட்டு சொந்தமாக இருந்தது. உடை வாடகை மிச்சம்.

அந்தப் படங்களில் படப்பிடிப்பின்போது ஒலி பதிவதில்லை. குரல், கதவு, காலடி எல்லாம் பிற்பாடு ரோமில் சேர்ப்பார்கள். அதனால் கேமரா ஓடும்போது யார் வேண்டுமானாலும் பேசலாம், ஜெனரேட்டர் அலறலாம். இயக்குநர் எவாரிஸ்தோவின் மின் ஆர்கனை ஒலிபெருக்கியோடு குவாரியில் இறக்கச் சொன்னார். செத்தவர்கள் மெதுவாக, சோகமாக நடக்க ஒரு வாசிப்பு வேண்டும்.

எவாரிஸ்தோ வாசித்தார். செத்தவர்கள் குவாரிக் குழியிலிருந்து வந்தார்கள். இடது, வலது, இடது, வலது. முகத்தில் ரத்தம் வழிய, கண் நிலைகுத்த, ஒருவர் தோள் அகலத்துக்கு ஒருவர் தள்ளி, வரிசை குலையாமல். வளைவில் வெளிப்பக்கத்து ஆள் எட்டி நடந்து வரிசையை நேராக்கினார்.

“நிறுத்து! இது பொணமா, போலீஸ் அணிவகுப்பா?” என்றார் இயக்குநர்.

காலை இழுத்து நடக்கச் சொன்னார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் இடது காலை இழுத்தார்கள். இசையை நிறுத்திப் பார்த்தார்கள். அப்போதும் கால் சேர்ந்தது. பால் பல் விழுந்த நாளிலிருந்து ஊர்வலத்தில் நடந்த ஆட்கள் அவர்கள். உள்ளே யாரோ எண்ணிக்கொண்டே இருந்தார்கள். மேக்கப் அம்மாள் ஷெர்லி பூசிய போலி ரத்தத்தில் தேன் கலந்திருந்ததால் குளவிகள் வந்தன. செத்தவர்கள் குளவிக்குக்கூட வரிசையை விடவில்லை. மத்தியானத்துக்குள் இயக்குநர் ஒரு கல்லில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மற்றவர்கள் பன்றிக்கறி ரொட்டியும் வெள்ளை ஒயினுமாகச் சாப்பிட்ட நேரத்தில் எவாரிஸ்தோ அந்த மெட்டைக் கட்டினார். ஐந்து எண்ணிக்கை, பிறகு ஏழு, பிறகு மறுபடி ஐந்து, அதில் கடைசி எண்ணிக்கையில் பாதியை விழுங்கிவிடுவது. அழுத்தம் முதல் தடவை இடது காலில் விழுந்தால் அடுத்த தடவை வலதில் விழும். சுற்று மறுபடி தொடங்கும்போது கால் காற்றில் இருக்கும். மேலே பாடும் ராகமோ தாலாட்டு மாதிரி. சந்தேகமே வராது. நம்பிக் கால் வைத்தவன் தொலைந்தான்.

சாப்பிட்டு வந்த பேண்டுக்காரர்கள் அதற்கு நடந்தார்கள். டிரம்காரர் தடுமாறி முன்னால் இருந்தவர் முதுகில் மோதினார். குழல்காரர் கதாநாயகி மேல் விழுந்தார். முன்வரிசைக் கிளாரினெட் பையன் ஸாவேரியோ, தன் காலைத் தானே நம்பாமல் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தான். பார்க்கப் பயமாக இருந்தது. யாரும் ‘கட்’ சொல்லவில்லை. இயக்குநர் ஆர்கனைச் சுற்றி ஓடிவந்து எவாரிஸ்தோவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

படம் ஓடவில்லை. ஊர்க் கொட்டகையில் மட்டும் ஓடியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஸாவேரியோவுக்குப் ‘பொணம்’ என்ற பட்டப்பெயர் ஒட்டியது. இன்று அவர் இரும்புக் கடை முதலாளி, பேண்டு மாஸ்டர், பேரன் பேத்தி எடுத்தவர். இப்போதும் சலூனில் அவர் நுழைந்தால், “வாங்க, பொணத்துக்குச் சேர் போடு” என்று ஒருவனாவது சொல்வான்.

ஆனால் மெட்டு சாகவில்லை. வீடியோ கேஸட்டில் போயிற்று. ஜெர்மன்காரர்கள் அதை இசைத்தட்டாக்கினார்கள். பிறகு எங்கோ வடக்கே ஒரு கம்பெனி வீடியோ கேமில் வைத்தது. அதில் செத்தவர்கள் எழும்போதெல்லாம் அதுதான். லூச்சில்லாவின் அலுவலகத்தில் ஒருவருடைய பையன் அதை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். அவள் ஒரு தடவை அப்பாவுக்கு அந்த கேமைக் காட்டினாள். சற்று நேரம் பார்த்தார்.

“இந்தப் பொணங்க தாளம் தப்பாம நடக்குது. கம்ப்யூட்டருக்கு வெக்கமே இல்ல” என்றார். எழுந்து போய்விட்டார்.

மூன்று பேரிடம் கத்திய அன்று மாலை பேண்டு அறையில் ஸாவேரியோ ஒரே வார்த்தையில் முடித்தார்.

“முடியாது.”

“ஏன் மாஸ்டர்?”

“ஏனா? நீ இன்ஜினியர். நீயே சொல்லு. நடக்க முடியாதபடிக்குன்னே ஒரு மெட்டைக் கட்டியிருக்காரு. அதை வாசிச்சுக்கிட்டே நடன்னா எப்படி நடக்கிறது? நாலு பேரு தோள்ல பெட்டி வேற. சர்ச் இறக்கத்துல ஒருத்தன் கால் மாத்தி வெச்சா, உங்கப்பா எங்களுக்கு முன்னாடி கல்லறைக்கு ஓடிடுவாரு.”

பின்வரிசையில் சிரித்தார்கள். லூச்சில்லா சிரிக்கவில்லை.

“பெரிய டிரம்மை மட்டும் சீரா அடிக்கச் சொல்லுங்க. கால் அதைக் கேக்கட்டும். மெட்டு அதுபாட்டுக்கு மேல போகட்டும்.”

முயன்று பார்த்தார்கள். டிரம் விழுந்த அந்தக் கணமே மெட்டு ஒழுங்காகிவிட்டது. பள்ளிக்கூட விளையாட்டு விழா மாதிரி இருந்தது. கால் சேர்ந்தது, வேறு எதுவும் மிச்சமில்லை. அப்பா கேட்டால் பெட்டியைத் திறந்துகொண்டு வந்து கத்துவார். அவளுக்கே காது கூசியது.

“போதும், நிறுத்துங்க. இது வேணாம்.”

“நான்தான் சொன்னேனே.”

“அப்ப நடக்காதீங்க. திராட்சை ஏத்துற டிராக்டர் டிரெய்லர்ல உக்காந்து வாசிங்க.”

ஸாவேரியோ கிளாரினெட்டை மடியில் வைத்தார்.

“லூச்சில்லா, இந்த ஊர்ல கல்லறைக்குப் படுத்துக்கிட்டோ உக்காந்துக்கிட்டோ போறது ஒரே ஆளு. அவன் பெட்டிக்குள்ள இருப்பான். நாங்க நடப்போம். எங்க தாத்தா காலத்துலேருந்து மழையிலயும் நடந்திருக்கோம், குண்டு விழுந்த வருஷமும் நடந்திருக்கோம்.”

“சரி, நடக்கவும் மாட்டீங்க, உக்காரவும் மாட்டீங்க. நான் என்னதான் பண்ணட்டும்? அந்த மனுஷன் கேட்டது ஒண்ணே ஒண்ணு!”

“கேப்பாரு! ஏன் கேக்கமாட்டாரு?” ஸாவேரியோ எழுந்துவிட்டார். கழுத்து சிவந்திருந்தது. “எங்களுக்கு நடக்கத் தெரியலன்னு உலகத்துக்கே காட்டின மெட்டு அது. ஜப்பான்ல எவனோ அதைக் கேட்டுச் சிரிக்கிறான். எனக்கு இன்னும் ஊர்ல பொணம்னுதான் பேரு. என் பேத்தி ஸ்கூல்ல கேட்டுட்டு வந்து, தாத்தா ஏன் உன்னைப் பொணம்னு சொல்றாங்கன்னு கேக்கிறா. அதை நானே வாசிக்கணுமா? அவருக்காக?”

நடைக்கும் எண்ணிக்கைக்கும் ஒரு தீர்வு இருக்கும் என்று நினைத்து வந்திருந்தாள். இங்கே பிரச்சினை அதுவே இல்லை. தலை வலித்தது. நேற்றிலிருந்து தூங்கவில்லை.

“நடக்கத் தெரியலன்னு யாரு சொன்னா?” என்றாள். “நீங்க ரொம்ப நல்லா நடந்தீங்க. அதுதானே பிரச்சினையே. எங்கப்பா சொல்லிச் சொல்லி என் காது புளிச்சுப்போச்சு. எத்தனை படத்துக்கு வாசிச்சிருக்காரு, எத்தனை ஊர் பேண்டைப் பாத்திருக்காரு. லனூவியோ ஆளுங்க மாதிரி நடக்கிறவங்க இந்த நாட்டுலயே இல்லம்பாரு. வேற எந்த ஊர்ப் பசங்களா இருந்தாலும் கொஞ்சம் வேகத்தை மாத்தினாலே குழம்பியிருப்பாங்க, இவங்களை உடைக்க நான் படிச்ச மொத்த வித்தையையும் கொட்ட வேண்டியிருந்ததும்பாரு. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் இதே கதை. சாப்பாடு ஆறிப்போகும், அவரு நிறுத்தமாட்டாரு.”

யாரோ குழலிலிருந்து எச்சிலை வடித்தார்.

“அப்படியா சொன்னாரு?” என்றார் ஸாவேரியோ.

“ஆயிரம் தடவை.”

“தினமும் காப்பிக் கடையில பக்கத்துல நிப்பாரு. என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாமே.”

“அவரு அப்படித்தான் மாஸ்டர். எதையும் சொல்லவேண்டிய ஆள்கிட்ட சொல்லமாட்டாரு.”

அவளிடம் சொல்ல வேண்டியதை யாரிடம் சொல்லியிருந்தாரோ. அதை அவள் கேட்கவில்லை. ஸாவேரியோ ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். பிறகு மேடைக்கு வந்து நின்றார்.

“பெட்டியை யாரும் தூக்க வேணாம். வண்டியில வெச்சுடுங்க. நாங்க நடக்கிறோம். டிரம்மு இல்லாம.”

அடக்கத்தன்று வானம் மூடிக் கிடந்தது. ஹார்ட்முட்டும் அவன் கூட்டமும் சர்ச் வாசலில் இருந்தார்கள். எல்லாரும் கறுப்பில், கண்ணீரோடு. ஒரு பெண் மட்டும் முகத்தில் சாம்பல் நிறம் பூசியிருந்தாள். மரியாதைக்காம். இத்தாலா அத்தை தன் கைக்குட்டையை நீட்டினாள்.

“துடைச்சுக்கோம்மா. மாவு அப்பியிருக்கு.”

பூசை முடிந்தது. முன்னால் பேண்டு, பிறகு பங்குச் சாமியார், பிறகு வண்டி, பிறகு வீட்டார், பிறகு ஊர். ஸாவேரியோ கையைத் தூக்கினார். முதல் ஐந்து எண்ணிக்கைக்கு எல்லாரும் சேர்ந்து அடியெடுத்தார்கள். ஏழில் பாதிப் பேர் மறுகாலில் இருந்தார்கள். அடுத்த ஐந்தில் விழுங்கிய இடம் வந்தபோது குழல்காரர் டிராம்போன் ஊதியவர் மேல் இடித்தார். இறக்கம் வேறு.

பின்னால் வந்த ஊர் இன்னும் மோசம். அவர்களும் ஊர்வலத்தில் வளர்ந்தவர்கள்தான். இசை கேட்டால் கால் தானாகச் சேரும். சேர்ந்த இடத்தில் இசை இல்லை. மருந்துக்கடைக்காரர் முன்னே இருந்த பெண்ணின் செருப்பை மிதித்தார். லூச்சில்லா மனதுக்குள் எண்ணினாள். ஐந்து, ஏழு, ஐந்து. பாலத்தில் படை போகும்போது நடையைக் கலைத்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் பாலம் ஆடும் என்று அவள்தான் மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பாள். தாங்க முடியாத இடத்தில் அப்பா அதைத்தான் செய்திருந்தார் என்று பாதி இறக்கத்தில் தோன்றியது. அதோடு எண்ணிக்கை தவறியது. அத்தை அவள் கையைப் பிடித்தாள்.

“என்னடி இது, காலே நிக்க மாட்டேங்குது. ஒழுங்கா நட, எல்லாரும் பாக்கிறாங்க.”

“முடியல அத்தை.”

“செத்தும் நம்மளை ஒழுங்கா நடக்க விடமாட்டான்” என்று சொல்லி அத்தை அங்கேயே அழத் தொடங்கினாள்.

கல்லறை வாசலில் மெட்டு முடிந்தது. எல்லாரும் மூச்சு வாங்கினார்கள். ஹார்ட்முட் முன்னால் வந்து, தொப்பியைக் கழற்றி, “அற்புதம், மாஸ்டர். அந்தப் படத்தில் கண்டது போலவே, தடுமாற்றம் ஒவ்வொன்றும்” என்றான்.

ஸாவேரியோ அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அற்புதமா? தடுமாற்றமா?” என்றார். பேண்டு பக்கம் திரும்பினார். “திரும்ப.”

சாமியாருக்குப் புரியவில்லை. “திரும்பன்னா?”

“சர்ச் வளைவுலேருந்து மறுபடி வாசிச்சு நடந்து வர்றோம், ஃபாதர். எங்களை மாதிரி நடக்கிறவன் இல்லன்னு அந்த மனுஷன் சொல்லியிருக்காரு. இப்படி விட்டுட்டு நான் வீட்டுக்குப் போகமாட்டேன்.”

“குழிகிட்ட ஆளுங்க காத்திருக்காங்கய்யா. மழை வேற வரப்போகுது.”

“காத்திருக்கட்டும். எவாரிஸ்தோவுக்கு இப்ப என்ன அவசரம்?”

“பைத்தியக்காரங்க” என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஒரு சாவை ஒழுங்கா முடிக்கத் தெரியல.”

எல்லாரும் லூச்சில்லாவைப் பார்த்தார்கள். இது சீக்கிரம் முடிய வேண்டும் என்று நேற்று காலையிலிருந்து அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பூ, போன், ரொட்டி, கையெழுத்து, ஆட்கள். வாசலுக்கு அந்தப் பக்கம் புதுமண் குவியல் தெரிந்தது.

“போங்க மாஸ்டர்” என்றாள்.

பேண்டுக்காரர்கள் இறக்கத்தில் மறுபடி மேலேறினார்கள். எந்தக் காலில் தொடங்குவது என்று சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். “ஏழுல கண்ணை மூடிக்கோடா.” “மூடினா உன் மேலதான் விழுவேன்.” குரல்கள் வளைவுக்கு அப்பால் தேய்ந்தன. வண்டி ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். லூச்சில்லா வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள். கண்ணாடி மேல் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. சாமியார் குடையை விரித்து அவளுக்கும் சேர்த்துப் பிடித்தார்.

“இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று கேட்டார்.

“அவசரப்படாதீங்க ஃபாதர்” என்றாள் அவள்.